அக்ரீயபிள் கிரே, ரிப்போஸ் கிரே ஒப்பீடு

அக்ரீயபிள் கிரே, ரிப்போஸ் கிரே என்பன ஐக்கிய அமெரிக்காவின் செர்வின்-வில்லியம்ஸ் நிறுவனம் விற்கும் இரண்டு சுவர்ப்பூச்சு நிறங்கள் ஆகும். இந்நிறுவனம் 1866 ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கப்பட்டது. அதன் நிற அட்டவணையில் முதல் நிறத்தின் எண் 7029, இரண்டாவதன் எண் 7015. இரண்டும் சாம்பலுக்கும் வெளிர் பழுப்புக்கும் இடைப்பட்டவை. கிரே, பேய்ஜ் என்னும் ஆங்கிலச் சொற்களை இணைத்து இவ்வகை நிறங்களைக் கிரேய்ஜ் என்று அழைப்பர். தனித்தனியே பார்க்கும்போது இவற்றை வேறுபடுத்துவது கடினம். எனினும், ஒரே வீட்டில் ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாமல் போவதுண்டு.

எண்களில் வேறுபாடு

கணினித் திரைக்குரிய சிவப்பு, பச்சை, நீல அளவுகள் அக்ரீயபிள் கிரேயில் முறையே 209, 203, 193. ரிப்போஸ் கிரேயில் 204, 201, 192. சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள இடைவெளி முதலாவதில் 16, இரண்டாவதில் 12. அதாவது இரண்டுமே வெப்பச் சாயல் கொண்டவை. முதலாவதில் அச்சாயல் சற்றுக் கூடுதல்.

ஒரு பரப்பு தன்மேல் விழும் ஒளியில் எத்தனை விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்பதை ஒளித்தெறிப்பு மதிப்பு காட்டுகிறது. இது அக்ரீயபிள் கிரேக்கு 60, ரிப்போஸ் கிரேக்கு 58. எனவே அறை வெளிச்சமாக இருக்கவேண்டும் என்பதற்காக இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. தேர்வை முடிவு செய்யவேண்டியது சாயலே.

சுவரில் வேறுபாடு

வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சன்னல் வழியே பெரும்பாலும் நேரடி வெயில் வராது. வானத்தின் நீலம் கலந்த ஒளியே வரும். அவ்வொளியில் ரிப்போஸ் கிரே குளிர்ந்த சாம்பலாகவும், சில வேளைகளில் மெல்லிய ஊதாச் சாயலுடனும் தோன்றலாம். 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் விளக்கொளியிலோ அக்ரீயபிள் கிரே பழுப்பை நோக்கி நகர்கிறது. சன்னலுக்கு வெளியே புல்வெளி இருந்தால் பச்சை ஒளி தெறித்து இரண்டையுமே மாற்றும்.

அருகிலுள்ள நிறமும் முக்கியமானது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839 இல் வெளியிட்ட நூலில், அடுத்தடுத்து வைக்கப்படும் நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றுவதை விளக்கினார். இத்தகைய வெளிர் சாம்பல்களில் அவ்விளைவு எளிதில் புலப்படும். தேன்நிற மரத்தரைக்கு அருகில் ரிப்போஸ் கிரே நீலம் கலந்ததுபோல் தெரியும். நீலச்சாம்பல் பளிங்குக்கு அருகில் அக்ரீயபிள் கிரே அழுக்கேறிய மஞ்சள்போல் தெரியக்கூடும்.

தேர்வு செய்தல்

கணினித் திரையையும் கடையில் தரும் சிறு அட்டையையும் மட்டும் நம்புவது போதாது. பெரிய வெள்ளைப் பலகையில் ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டு இரண்டு பூச்சுப் பூசி, நன்கு உலர்ந்தபின் காலையிலும் இரவிலும் அறையின் வெவ்வேறு சுவர்களில் சாய்த்துப் பார்க்கவேண்டும். பலரும் இரண்டு நிறங்களையும் சுவரில் ஒட்டியொட்டிப் பூசிப் பார்க்கின்றனர். இது வேறுபாட்டை மிகைப்படுத்தும். பூசியபின் அறையில் இருக்கப்போவது ஒரு நிறமே என்பதால், பலகையைத் தரை, அலமாரி, கதவுச் சட்டம் போன்ற மாறாத பொருட்களோடு ஒப்பிடுவதே சரியான முறை.