கண்ணாடிப் பெட்டிக்குள் நார்மண்டி

போர் அருங்காட்சியகங்களில் நார்மண்டித் தரையிறக்கத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகளாக அடுக்கி வைப்பார்கள்: படகு, அலை, மணல், ஓடும் சிப்பாய்கள். தோழர்களே, அதன்முன் நின்று நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கறுப்பர் எங்கே?

1944 ஜூன் 6 அன்று ஓமாகா கடற்கரையில் அமெரிக்காவின் 320ஆம் தடுப்புப் பலூன் படைப்பிரிவும் இறங்கியது. அதன் சிப்பாய்கள் கறுப்பர்கள். தாழப் பறந்து தாக்கும் ஜெர்மன் விமானங்களை மறிக்க, எஃகுக் கம்பியில் பலூன்களை ஏற்றி நிறுத்துவது அவர்கள் வேலை. அப்பிரிவின் மருத்துவ உதவியாளர் வேவர்லி உட்சன், தானே காயம்பட்டும், 30 மணி நேரம் அடிபட்டோரைக் காத்தார். கறுப்பரைத் தனிப் பிரிவுகளில் ஒதுக்கிவைத்த ராணுவம், கரையில் அவர் கைகளை ஒதுக்கவில்லை, பதக்கத்தில் ஒதுக்கியது. 2005இல் அவர் இறந்தார். டிஸ்டிங்குயிஷ்ட் சர்வீஸ் கிராஸ் 2024இல்தான் வந்தது.

பொம்மை அடுக்குவதும் வரலாறு எழுதுவதே. விடுபட்டவரைக் கேட்டு வாங்குவது நம் வேலை.