வீட்டு டிஎஸ்எல் மோடம்: லைட் எரிந்தால் மட்டும் போதுமா? கட்டாயம் மாற்ற வேண்டிய 2 பாஸ்வேர்டுகள்!

மோடத்தில் பச்சை லைட் எரிகிறது, போனில் யூடியூப் ஓடுகிறது. அவ்வளவுதான், வேலை முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால், அது பூட்டு தொங்கியும் பூட்டாத கதவுதான். லேண்ட்லைன் வழியாக வரும் டிஎஸ்எல் இணைப்பை சரியாக செட்டப் செய்வது எப்படி? பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் இருப்பது டிஎஸ்எல் தானா?

மோடத்தில் செருகும் வயரைப் பாருங்க. லேண்ட்லைன் போனில் இருக்கும் அதே சின்ன பின் என்றால் அது டிஎஸ்எல். மெல்லிய கண்ணாடி இழை கேபிள் வந்தால் அது ஃபைபர். அதற்கு மோடமே வேறு, செட்டிங்கும் வேறு. ஆனால் கீழே சொல்லும் பாஸ்வேர்டு விஷயம் ஃபைபர் வீடுகளுக்கும் பொருந்தும்.

ஸ்ப்ளிட்டர் எதற்கு?

ஒரே செம்புக் கம்பியில் பேச்சும் இன்டர்நெட்டும் சேர்ந்தே வருகின்றன. பேச்சு சுமார் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இன்டர்நெட் அதைவிட அதிக அலைவரிசையில் ஓடும். இரண்டையும் பிரித்துக் கொடுப்பதுதான் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா.

* 'லைன்' துளையில் வெளியிலிருந்து வரும் வயர்
* 'போன்' துளையில் லேண்ட்லைன் போன்
* 'மோடம்' துளையில் மோடம்

இன்னொரு அறைக்கு எக்ஸ்டென்ஷன் போன் வைத்திருந்தால், அதையும் ஸ்ப்ளிட்டரின் 'போன்' பக்கத்திலிருந்தே இழுக்க வேண்டும். ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே போனை இணைத்தால் பேசும்போது இரைச்சல் கேட்கும். போன் அடிக்கும்போதெல்லாம் நெட் கட் ஆவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லைட் என்ன சொல்கிறது?

டிஎஸ்எல் லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தால், மோடம் இன்னும் எக்ஸ்சேஞ்சுடன் சேரவில்லை. ஸ்ப்ளிட்டரும் வயரும் சரியாக இருந்தால் லைனில்தான் கோளாறு, புகார் கொடுக்க வேண்டியதுதான். டிஎஸ்எல் லைட் நிலையாக எரிந்து, இன்டர்நெட் லைட் மட்டும் எரியாமலோ சிவப்பாகவோ இருந்தால், லாகின் விவரத்தில் தப்பு இருக்கலாம். பில் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்க.

செட்டிங் பக்கத்துக்கு போவது எப்படி?

போனை மோடத்தின் வை-ஃபையில் இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று டைப் செய்யுங்க. சில மாடல்களில் இந்த எண் மாறும். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான எண் இருக்கும். பக்கம் திறக்கவில்லை என்றால் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு மீண்டும் முயற்சி செய்யுங்க. இதற்கு இன்டர்நெட் வர வேண்டிய அவசியம் இல்லை.

பிஎஸ்என்எல் டிஎஸ்எல் என்றால் விபிஐ 0, விசிஐ 35. இணைப்பு வகை 'பிபிபிஓஇ'. 'பிரிட்ஜ்' என்று வைத்தால் மோடம் தானாக லாகின் ஆகாது, கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் எல்லா போனுக்கும் நெட் வேண்டும் என்றால் பிபிபிஓஇ தான் சரி.

3 பாஸ்வேர்டு, 3 வேலை

பலரும் குழம்புவது இங்கேதான்.

1. இணைப்பு பாஸ்வேர்டு: நிறுவனம் கொடுத்தது. எக்ஸ்சேஞ்சில் உங்களை அடையாளம் காட்டுவது. நீங்களாக மோடத்தில் மட்டும் இதை மாற்றினால் நெட் நின்றுவிடும்.

2. வை-ஃபை பாஸ்வேர்டு: வீட்டு நெட்டை யார் பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்வது. செல்போன் நம்பர், பிறந்த தேதி வேண்டாம். 12 எழுத்துக்கு மேல் வையுங்க. பாதுகாப்பு வகையில் 'டபிள்யூபிஏ2' அல்லது அதற்கு மேற்பட்டதைத் தேர்வு செய்யுங்க. 'வெப்' என்ற பழைய வகை வேண்டவே வேண்டாம். அதை சில நிமிடங்களில் உடைத்துவிடலாம்.

3. அட்மின் பாஸ்வேர்டு: மோடத்தின் செட்டிங் பக்கத்தையே திறக்கும் சாவி. பல பழைய மோடங்களில் யூசர்நேமும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்!

இரண்டாவதையும் மூன்றாவதையும் இன்றைக்கே மாற்றிவிடுங்க.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்?

2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடங்களை மால்வேர் தாக்கியது. கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத மோடங்களே சிக்கின. பாஸ்வேர்டை உடனே மாற்றும்படி வாடிக்கையாளர்களை பிஎஸ்என்எல் கேட்டுக்கொண்டது.

அட்மின் பாஸ்வேர்டு தெரிந்தவர் மோடத்தின் டிஎன்எஸ் செட்டிங்கை மாற்றலாம். பிறகு நீங்கள் வங்கி முகவரியை சரியாகவே டைப் செய்தாலும், போலி பக்கத்துக்கு உங்களை திருப்பிவிட முடியும்.

வை-ஃபை விஷயமும் சாதாரணமானது இல்லை. 2008 ஜூலை அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் வசித்த ஒரு அமெரிக்கரின் வை-ஃபை வழியாக அனுப்பப்பட்டது. அவருக்குத் தெரியாமல் வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான். ஐபி முகவரி யார் பெயரில் இருக்கிறதோ, அவரிடம்தான் முதல் கேள்வி வரும்.

இதையும் கவனிங்க

* செட்டிங்கில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்க. வெளியிலிருந்து மோடத்துக்குள் நுழையும் வழி அது. 'டபிள்யூபிஎஸ்' வசதியையும் அணைத்துவிடலாம்.
* ரீசெட் பட்டனை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். இணைப்பு விவரம் உட்பட எல்லாம் அழிந்துவிடும். முதலில் அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. ரீசெட் செய்தால் அட்மின் பாஸ்வேர்டும் பழையபடி ஆகிவிடும், மறுபடி மாற்ற வேண்டும்.
* ஏடிஎஸ்எல்2பிளஸ் தொழில்நுட்பத்தின் உச்ச வேகம் 24 எம்பிபிஎஸ். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக இது குறையும். புது மோடம் வாங்கினாலும் தூரம் குறையாது.
* இடி மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கோடு சேர்த்து டெலிபோன் வயரையும் கழற்றுங்க. லைன் வழியாகவும் மின்னல் பாய்ந்து மோடம் கருகும்.