பழவேற்காட்டுக் கரையில் துணியும் நாற்காலியும்

துணியின் பின்னலையும் வண்ண ஒழுங்கையும் ஆதாரமாகக் கொண்டு புதிய அறைகலன்களை உருவாக்கிப் பார்ப்பது, இன்று வடிவமைப்புக் கல்லூரி மாணவர்கள் விரும்பி மேற்கொள்ளும் சோதனைகளுள் ஒன்று. இத்தகைய முயற்சி ஐரோப்பியக் கலைப்பள்ளிகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு நேர் கிழக்கே, உப்பங்கழிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அமைந்துள்ள பழவேற்காட்டின் வரலாற்றையும், அவ்வூர் டச்சுக்காரரின் தலைமையிடமாக இருந்த சோழமண்டலக் கரையின் கைத்தொழில் வரலாற்றையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு, துணிக்கும் மரத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் இங்கே 350 ஆண்டுகளுக்கு முன்பே முதிர்ந்த நிலையில் இருந்தது தெளிவாகும்.

பழவேற்காட்டின் துணி வணிகம் ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கடற்கரைகளைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா, இத்துறைமுகத்திலிருந்து வண்ணப் பருத்தித் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்திராவுக்கும் சென்றதைக் குறிப்பிடுகிறார். டச்சுக்காரர்கள் இங்கே நிலைகொண்டதற்கும் இந்தத் துணியே காரணம். மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்குள்ளோர் வெள்ளியைவிட விரும்பிக் கேட்ட சோழமண்டலத் துணியைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அதனால் விசயநகர அரசர் வேங்கடபதியின் ஒப்புதலோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்து, போர்த்துக்கீசியரின் தாக்குதலுக்குப் பிறகு 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் கொள்முதல் முழுவதும் பழவேற்காட்டிலிருந்தே நடத்தப்பட்டது.

அக்காலத்தில் இக்கரையின் பெருமைக்குரிய துணி, தமிழில் சீட்டி என்று வழங்கிய, கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணியாகும். அது உருவான முறையை அறிந்தால்தான், அதன் அழகு மரத்துக்கு எப்படி இடம்பெயர முடிந்தது என்பது விளங்கும். நெய்து வந்த துணியை வெளுத்து, கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு, தீட்டும் நீர்மம் நூலில் படர்ந்து கசியாமல் தடுக்கும். பிறகு, கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமீது விரித்து, கரித்தூள் பொட்டணத்தால் அதன்மேல் தட்டுவார்கள். துளை வழியே இறங்கிய கரிப்புள்ளிகள் வரைவுக்கு வழிகாட்டும். மூங்கில் எழுதுகோலால் இரும்புக் கரைசலை இழுத்த இடம் கடுக்காயோடு சேர்ந்து கருங்கோடாகும். படிகாரக் கரைசல் தடவிய இடம், சாயவேர் போட்டுக் கொதிக்கும் கொப்பரையில் இறங்கியதும் சிவப்பாகும். படிகாரம் நிறத்தை நூலோடு பற்றவைக்கும் பொருள் என்பதால், அது படாத இடத்தில் சிவப்பு நிலைக்காது. நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மெழுகை வெந்நீரில் உருக்கி நீக்கியபின், நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டிப் பச்சையை வரவழைப்பார்கள். இத்தனை படிகளையும் கடந்து வரும் கொடியில் ஒவ்வொரு இலையும் தனித்தனியே சிந்தித்து வரையப்பட்டதாக இருக்கும், ஆனால் வெற்றிடம் மிகாத வகையில் கொடி முழுத் துணியையும் ஒரே ஓட்டத்தில் நிறைத்திருக்கும்.

இதே கரையில், ஏறத்தாழ 1640 முதல் 1680 வரையான ஆண்டுகளில், ஐரோப்பியர் கேட்ட வடிவங்களில் கருங்காலி மரத்தால் நாற்காலிகளும் நீளிருக்கைகளும் மேசைகளும் செய்யப்பட்டன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்திலும் இன்று காணக்கிடைக்கும் இவற்றின் சட்டக அமைப்பு ஐரோப்பியம்: தாழ்ந்த இருக்கை, கடைசல் பிடித்து முறுக்கிய கால்கள், முதுகுச் சாய்வில் இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே வரிசையாக நிற்கும் சிறு தண்டுகள். ஆனால் சட்டகத்தின்மேல் நிகழ்ந்திருப்பது வேறு. குறுக்குச் சட்டம், இருக்கையின் விளிம்பு, தண்டுகள் சேரும் மூலை என எந்தப் பரப்பும் வெறுமையாக விடப்படாமல், ஆழம் குறைந்த செதுக்கலில் கொடிகள் படர்ந்திருக்கின்றன. அவற்றின் இடையே கிளிகளும், பாதி மகளிராகவும் பாதி இலைச்சுருளாகவும் அமைந்த உருவங்களும், கிறித்தவ மரபில் வரும் சிறகுள்ள குழந்தைத் தலைகளும் ஒன்றையொன்று நெருக்காமல் இடம்பெற்றிருக்கின்றன. நிறம் என்பதே இல்லாத கருமரத்தில், உளியின் மேடு பள்ளத்தில் படும் ஒளி ஒன்றையே துணையாகக் கொண்டு, சீட்டித் துணியின் பரப்பை நிறைக்கும் முறை முழுதும் மீண்டும் நிகழ்த்தப்பட்டிருக்கிறது. கோயில் தூண்களிலும் தேர்ச் சிற்பங்களிலும் பயின்ற கைகளுக்குக் கொடிக்கருக்கு புதிதன்று என்பது உண்மையே. எனினும், கோயில் தச்சில் கொடி ஓர் உருவத்தைச் சூழ்ந்து நிற்கும் அணியாகவே பெரிதும் இருக்க, இந்நாற்காலிகளில் கொடியே தலைமைப் பொருளாகி, விளிம்புக்கரை, உட்பரப்பு என்று துணியைப்போலவே பகுக்கப்பட்டிருப்பதைக் காணும்போது, தச்சரின் கண்முன் துணியும் இருந்தது என்று கொள்வதே பொருத்தமாகும்.

அம்போன் தீவில் வாழ்ந்து 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய ரும்பியஸ், சோழமண்டலக் கரையினர் கருங்காலியில் நாற்காலியும் பலகை இருக்கையும் சிறு மேசையும் செய்து இலைவேலைப்பாடு செதுக்குவதை அந்நூலில் பதிவு செய்துள்ளார். இச்சான்று பரவலாக அறியப்படாத காரணத்தால் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விந்தையான குழப்பம் நேர்ந்தது. எழுத்தாளரும் பழம்பொருள் திரட்டுபவருமான ஹோரஸ் வால்போல், இத்தகைய நாற்காலிகளை இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்துப் பொருள்கள் என்று நம்பித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கினார். அவரைப் பின்பற்றிப் பலரும் அவ்வாறே நம்பினர். செய்தவர் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இல்லாத தொழிலில், பொருள் கடல் கடந்தவுடன் அதன் ஊரும் பறிபோவது எளிது. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் இதே பழவேற்காட்டுத் துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றிய கம்பெனிக்குக் கைவினைஞரின் பெயர் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

இந்நாற்காலிகளின் இருக்கைப் பரப்பு பலகையால் ஆனதன்று; பிரம்பு நாரால் பின்னப்பட்டது. சட்டத்தின் நான்கு பக்கமும் துளையிட்டு, தறியில் பாவு இழைப்பதைப்போல நார்களை முன்பின்னாக இழுத்துக் கட்டி, அவற்றினூடே ஊடையாகக் குறுக்கு நார்களைச் செலுத்தி, இறுதியில் மூலைவாட்டத்தில் இரு திசையிலும் நார் கோத்து இறுக்கினால் எண்கோணக் கண்களைக் கொண்ட பின்னல் கிடைக்கும். உட்காருபவரின் எடை ஒரு நாரில் விழாமல் எல்லா நார்களிலும் பகிரப்படுவதும், வெப்பநாட்டில் காற்று ஊடுருவுவதும் இதன் சிறப்பு. நாடாக் கட்டிலும் கயிற்றுக் கட்டிலும் தமிழகத்து வீடுகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலையும் இதுவே. அறைகலனைத் துணியாக நெய்யலாம் என்ற அறிவு இங்கே அன்றாடப் புழக்கத்தில் இருந்தது.

துணி அறைகலனை அணிசெய்த வரலாறு ஐரோப்பாவில் சட்டச் சிக்கலாகவே மாறியது. சீட்டித் துணியாலான கட்டில் விரிப்புகளும் திரைகளும் உள்நாட்டு நெசவாளரின் பிழைப்பைக் கெடுப்பதாக எழுந்த முறையீடுகளால், பிரான்சு 1686 முதல் 1759 வரை அத்துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1721இல் இயற்றிய சட்டம், வண்ணப் பருத்தித் துணியை உடுப்பதோடு கட்டில், நாற்காலி, திண்டு, சன்னல் திரை ஆகியவற்றில் பயன்படுத்துவதையும் தனித்தனியே பெயர்சுட்டித் தடுத்தது. புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவிக்காகச் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற கட்டில் திரைகளை 1775இல் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தனர்; அக்கட்டிலும் திரைகளும் பிற்காலத்தில் அருங்காட்சியகப் பொருள்களாயின. துணியும் மரமும் ஒரே பட்டறைச் சூழலில் வளர்ந்ததற்கு விசாகப்பட்டினம் மற்றொரு சான்று: 1756இல் அங்கே வந்த ஜான் கார்னெய் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, அவ்வூரின் சீட்டியையும் தந்தம் பதித்த மரவேலையையும் அடுத்தடுத்துப் பாராட்டி எழுதினார், அம்மரவேலையின் பூக்கரைகள் சீட்டித் துணியின் கரைகளோடு கொண்டுள்ள உறவை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

பழவேற்காட்டின் பெயரைப் பிற்காலத்தில் உலகெங்கும் கொண்டுசென்றது சீட்டியன்று, கட்டம் போட்ட நெசவுத் துணி. மலாய் மக்கள் இன்றும் உடுத்தும் கட்டக் கைலிக்கு இவ்வூரின் பெயரே வழங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்துத் தறிகளிலும் இதே பெயரில் போலிக் கைக்குட்டைகள் நெய்யப்பட்டன. சென்னைச் சுற்றுவட்டாரத்துத் தறிகளிலிருந்து சென்ற கட்டத் துணியை நைசீரியாவின் கலபாரி மக்கள், சில இழைகளை மட்டும் நுட்பமாக வெட்டி உருவி எடுத்துப் புதிய கோலங்களாக மாற்றிக்கொண்டனர். ஆலைத் துணியின் போட்டி ஏற ஏற இவ்வணிகம் சுருங்கியது. பழவேற்காடும் கோட்டை அழிந்து, 1825இல் ஆங்கிலேயர் வசமாகி, நுழைவாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டமே எஞ்சிய மீனவ ஊராயிற்று.

ஐரோப்பியக் கலைப்பள்ளிகளின் சோதனைகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 1919இல் செருமனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில், மாணவர்களாக இருந்த மார்செல் பிராயரும் நெசவு பயின்ற குண்டா ஷ்டோல்ஸ்லும் 1921இல் ஒரு நாற்காலியைச் சேர்ந்து செய்தனர். அதன் மரச்சட்டத்தையே தறியாகக் கொண்டு வண்ண இழைகள் நெய்யப்பட்டன. சில ஆண்டுகளுக்குப் பின் பிராயர் வளைத்த எஃகுக் குழாயில் நாற்காலி செய்தபோது, மெழுகேற்றி முறுக்கிய வலுவான பருத்தி நூலால் நெய்த பட்டைகளே இருக்கையும் முதுகுமாயின. அந்நூலை மேம்படுத்தியவர் அதே பள்ளியின் நெசவு மாணவி மார்கரெத்தா ரைகார்ட். இம்மாணவர்களின் துணிவும் நேர்த்தியும் பாராட்டுக்குரியவை. ஆனால் சட்டத்தைத் தறியாக்கும் எண்ணம் உலகத்துக்குப் புதிது என்று சொல்வதற்கில்லை.

சுதந்திர இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி முறைப்படி தொடங்கியபோது, மரபுப் பொருள்களிலிருந்து கற்க வேண்டும் என்பதே அதன் முதல் பாடமாக இருந்தது. சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை நம் செம்பின் வடிவச் சிறப்பை விரிவாக ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் நிறுவப்பட்டது. சென்னையில் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் 1995இல் தொடங்கியது. அங்கே துணி பயிலும் மாணவர்களுக்குப் பழவேற்காடு ஒருநாள் பயணத் தொலைவுதான்.

அம்மாணவர்கள் சோதனைக்குத் தேவையான பொருள்களைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பழவேற்காட்டில் பெண்கள் பனையோலையைக் கிழித்து, சாயமேற்றி, பெட்டிகளும் தட்டுகளும் பின்னுகின்றனர். ஓலையின் விறைப்பும் வளைவும் எந்த அளவில் ஒத்துழைக்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். மாவட்டத்தின் மேற்கே பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் நெசவுத் தொழில் குடும்பங்களைத் தாங்கி நிற்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள் இயங்குகின்றன. கம்பிச் சட்டம், ஓலைப் பின்னல், கட்டத் துணி ஆகிய மூன்றும் ஒரே மாவட்ட எல்லைக்குள் கிடைக்கும் இடத்தில், நாற்காலி ஒன்றைப் புதிதாகச் சிந்திப்பதற்கு அயல்நாட்டு மாதிரிப் புத்தகம் முதல் தேவையன்று.

ஆகவே, வடிவமைப்புக் கல்லூரிகள் பாடத்திட்டத்தில் பௌஹவுஸ் நாற்காலிக்கு அருகே சோழமண்டலக் கருங்காலி நாற்காலிக்கும் இடமளிக்க வேண்டும். மாணவர்களைப் பழவேற்காட்டுக்குச் சுற்றுலாவாக அன்றி, பின்னுபவரிடமும் நெய்பவரிடமும் மாதக்கணக்கில் பயிலும் பயிற்சிக்காக அனுப்ப வேண்டும். அங்கே கற்றுக்கொண்டு செய்யும் ஒவ்வொரு பொருளிலும் வடிவமைத்தவர் பெயரோடு பின்னியவர், நெய்தவர் பெயரையும் எழுதி, விற்பனையில் அவர்களுக்கு உரிய பங்கை அளிக்க வேண்டும்.