சிலந்தி ஏறிய மேடை

மேற்கிந்தியத் தீவுகள் என்றவுடன் நம்மவர் பலருக்கும் துடுப்பும் பந்துமே நினைவுக்கு வரும். அத்தீவுகளின் மக்கள் இரவு வேளையிலே தம் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகள் எவை, அவை எங்கிருந்து வந்தன, நாடக மேடையில் ஏறுவதற்கு அவை எத்தனை காலம் காத்திருந்தன என்பன பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. நேயர்களே, அந்த வரலாற்றையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டுள்ளேன். அது ஒரு சிறு சிலந்தியிலிருந்து தொடங்குகிறது.

மேற்கு ஆபிரிக்காவில், இன்று கானா என வழங்கும் நாட்டிலே, அக்கான் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் மொழியில் 'அனான்சி' என்றால் சிலந்தி என்பது பொருள். முன்னொரு காலத்தில் உலகத்துக் கதைகள் யாவும் வானத்து இறைவனான நியாமேயிடமே இருந்தனவாம். அவற்றைத் தனக்குத் தரும்படி அனான்சி கேட்டது. மலைப்பாம்பையும் சிறுத்தையையும் குளவிக் கூட்டத்தையும் உயிரோடு பிடித்து வந்தால் தருவதாக இறைவன் சொன்னான். அனான்சி பாம்பிடம் சென்று, "நீ நீளமோ, இந்தக் கம்பு நீளமோ என்று எங்கள் வீட்டிலே ஒரு வழக்கு" என்றது. தன் நீளத்தைக் காட்டக் கம்பருகே நிமிர்ந்து படுத்த பாம்பைக் கொடியினால் இறுகக் கட்டிவிட்டது. மற்றவையும் இவ்வாறே சூழ்ச்சிக்கு அகப்பட்டன. அன்று முதல் கதைகள் யாவும் சிலந்திக் கதைகள் என்றே பெயர் பெற்றன.

இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த மக்களே விலங்கிடப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். 1655 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றிய ஜமெய்க்காத் தீவு, கரும்புத் தோட்டங்களால் செழித்தது. அச்செழிப்பு அடிமைகளின் உழைப்பினால் வந்தது. அவர்களுடைய பெயர் மாற்றப்பட்டது, குடும்பம் பிரிக்கப்பட்டது, வழிபாடு பழிக்கப்பட்டது. கதையை மட்டும் எவராலும் பறிக்க இயலவில்லை. அதைச் சுமந்துவரப் பெட்டி வேண்டியதில்லை. நினைவு ஒன்றே போதும்.

புதிய மண்ணிலே கதையும் புதுக்கோலம் பூண்டது. வானத்து இறைவன் இருந்த இடத்துக்குப் புலி வந்தது. கதைகள் முன்பு புலியின் பெயரால் வழங்கின என்றும், அனான்சி தன் தந்திரத்தால் அவற்றைத் தனதாக்கிக் கொண்டான் என்றும் ஜமெய்க்கா மக்கள் சொல்லலாயினர். அத்தீவின் காடுகளிலே புலி இல்லை. ஆனால் தோட்டத்துரை இருந்தான். கையிலே சவுக்கில்லாத சிறியவன், சவுக்குடைய பெரியவனை வாய்ச் சாமர்த்தியத்தால் வெல்லும் கதையை அம்மக்கள் ஏன் விரும்பினர் என்று விளக்க வேண்டியதில்லை. கதை முடிவிலே, சுவர்க்க வாசலைக் காப்பவனை விளித்து, "இக்கதைக்கு நான் பொறுப்பாளியல்லேன்" என்ற கருத்துப்பட ஒரு தொடர் சொல்வது மரபு. அஞ்சி வாழ்ந்த மக்களுக்கு அத்தகைய காப்பும் தேவைப்பட்டிருக்கலாம்.

1834 இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1838 ஆகஸ்ட் முதலாந் திகதி முழு விடுதலை கிடைத்தது. ஆயினும் மனத்தின் விலங்கு உடனே கழன்றுவிடவில்லை. வீட்டிலே பேசிய மொழியைக் கொச்சை என்று பள்ளிக்கூடம் ஒதுக்கியது. பாட்டி சொன்ன கதையைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று நகரத்தார் நகைத்தனர். வோல்ட்டர் ஜேக்கில் 1907 ஆம் ஆண்டிலும், மார்தா பெக்வித் 1924 ஆம் ஆண்டிலும் ஜமெய்க்காவின் கதைகளை நூல்களாகத் தொகுத்து வெளியிட்டனர். அச்சேறிய பின்னரும் அக்கதைகளுக்கு மேடையிலே இடமில்லை.

மேடை எப்படி இருந்தது? தலைநகரான கிங்ஸ்டனில் இருந்த பழைய நாடக அரங்கு 1907 ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அழிந்தது. அவ்விடத்தில் கேணல் சார்ல்ஸ் வார்ட் என்பவரின் கொடையால் 1912 இல் வார்ட் அரங்கு எழுந்தது. 1941 ஆம் ஆண்டு ஹென்றி பவுலரும் கிரெற்றா பேர்க்கும் 'சிற்றரங்கு இயக்கம்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். சொந்தமாக ஒரு நாடகசாலை கட்டப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்காக, அவ்வாண்டு நத்தாருக்கு மறுநாள் வார்ட் அரங்கிலே ஒரு பன்டொமைம் அரங்கேற்றினர்.

பன்டொமைம் என்பதை இங்கே ஊமைக்கூத்து என்று கொள்ளலாகாது. பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்து, பாட்டனார் முதல் பேரப்பிள்ளை வரை ஒரே வரிசையில் அமர்ந்து காண்பதற்கென இங்கிலாந்தில் நத்தார்க் காலத்தில் நடத்தும் குடும்ப நாடகம் அது. ஜமெய்க்காவின் முதல் பன்டொமைம், அவரைக்கொடியில் ஏறி அரக்கனை வென்ற ஜாக்கின் கதை. சபையிலே கறுப்புக் குழந்தைகள். மேடையிலே ஆங்கிலக் கிராமம்! இந்தப் பொருத்தமின்மையைச் சிலர் விரைவில் உணர்ந்தனர். 1943 இல் வேரா பெல் எழுதிய, சொலிடே என்னும் சிறுவனும் தீய பறவையும் பற்றிய நாடகம் உள்ளூர்க் கதையை மேடைக்குக் கொண்டுவந்தது. 1949 இல், லூயிஸ் பெனற்றும் நோயல் வாஸும் ஆக்கிய நாடகத்திலே ஐரோப்பியக் கதையின் நீலத்தாடிப் பிரபுவுடன் அனான்சியும் ஒரே மேடையில் ஏறினான்.

இந்த லூயிஸ் பெனற் அம்மையாரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1919 இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். மக்கள் பேசும் கிரியோல் மொழியிலேயே கவிதை எழுதினார். 1945 இல் பிரித்தானியக் கவுன்சிலின் புலமைப்பரிசில் பெற்று இலண்டனிலுள்ள அரச நாடகக் கலைக்கழகத்தில் பயின்றார். இலண்டன் நாடகக் கல்வி பெற்றவர் இனி இலண்டன் மொழியிலேயே பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். தாயகம் மீண்ட பின்னர் சமூக நல ஆணைக்குழுவிலே பணியாற்றி, ஊர் ஊராகச் சென்று கதைகளும் பாடல்களும் திரட்டினார். நடிகர் ரனி வில்லியம்சும் அவரும் பன்டொமைம் மேடைக்கும் வானொலிக்கும் இரு தூண்களாக விளங்கினர்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. கொச்சை மொழியை மேடையேற்றிப் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்றனர் சிலர். அவரைக் கவிஞராக ஏற்கவும் பலர் தயங்கினர். ஆங்கிலமே பல மொழிகள் கலந்து உருவானதன்றோ, அதற்குள்ள உரிமை எங்கள் பேச்சுக்கு ஏன் இல்லை என்பதே அவருடைய வாதம். 1957 ஆம் ஆண்டுப் பன்டொமைமில் நீலத்தாடிப் பிரபு 'புஷா' நீலத்தாடி ஆனான். புஷா என்பது தோட்டத்துக் கங்காணித்துரையை அம்மக்கள் அழைத்த பெயர். ஐரோப்பிய அரக்கனுக்கு அந்த ஒரு சொல்லால் ஜமெய்க்காவின் முகம் கிடைத்துவிட்டது. பன்டொமைமின் வருவாய் துணைசெய்ய 1961 இல் சிற்றரங்கு கட்டி முடிந்தது. மறு ஆண்டு, 1962 ஆகஸ்ட் 6 ஆம் திகதி, நாடு சுதந்திரம் அடைந்தது. 1970 முதல் 1982 வரை பெனற் அம்மையார் தொலைக்காட்சியில் சிறுவர்களைச் சுற்றி இருத்தி நடத்திய நிகழ்ச்சி, கதை கேட்கும் முற்றத்தை வீடுதோறும் கொண்டுசென்றது. 2006 இல் அவர் மறைந்தபோது, தேசிய வீரர்கள் துயிலும் பூங்காவிலே அவருக்கும் இடம் கொடுத்தனர்.

இனி, ஆசிரியர்களும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அனான்சி பொய் சொல்கிறான், ஏமாற்றுகிறான், உழைக்காமல் உண்கிறான். இவனைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? ஜமெய்க்காவிலும் இவ்வினா பலமுறை எழுந்ததுண்டு. பள்ளிக்கூடத்திலே நெடுங்காலம் பணிபுரியும் எனக்கு இதனைப் புறக்கணிக்க இயலவில்லை. அடிமைக்குப் பொய் ஒரு கேடயம். சுதந்திர மனிதன் அதே பொய்யை அயலவன்மேல் வீசினால் அது வாளாகிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கு யார் உணர்த்துவது? தனியே படிக்கும் புத்தகத்தைவிடக் குடும்பமாக இருந்து காணும் நாடகம் இதற்கு ஏற்றதென்பது என் துணிபு. அனான்சியின் தந்திரத்தைக் கண்டு பிள்ளை சிரிக்கும்போது அருகிலே தாய் இருக்கிறாள். அவன் அகப்பட்டு விழிக்கும்போது தகப்பனும் சேர்ந்து சிரிக்கிறான். வீடு திரும்பும் வழியிலே பேச்சு எழுகிறது. கதையை மறைப்பதால் இந்தப் பேச்சும் இல்லாமற் போகுமேயன்றி, பொய் இல்லாமற் போகாது.

ஜமெய்க்காவுக்குக் கிழக்கே சென் லூசியா என்னும் சிறு தீவு உண்டு. அங்கே 1930 இல் இரட்டையராகப் பிறந்த டெரெக் வோல்கொட், ரொடெரிக் வோல்கொட் இருவரும் நாடகாசிரியர்கள் ஆயினர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவர்களைப் பள்ளி ஆசிரியையான தாயார் வளர்த்தார். தாய் தந்தை இருவருக்குமே நாடகத்தில் ஈடுபாடு இருந்தது. டெரெக் 1957 இல் எழுதிய 'தி-ஜானும் அவன் சகோதரர்களும்' என்னும் நாடகம் தீவின் நாட்டார் கதையிலிருந்து பிறந்தது. தனக்குக் கோபமூட்டுபவனுக்குப் பரிசு, தானே கோபப்படுபவனுக்குச் சாவு என்று சாத்தான் ஒரு பந்தயம் வைக்கிறான். மூத்தவன் தோள்வலியை நம்பித் தோற்கிறான். நடுவிலான் நூலறிவை நம்பிப் போகிறான். வாதத்தின் நடுவே ஓர் ஆடு கத்த, அறிவெல்லாம் பறந்து கோபம் மிஞ்சுகிறது. கடையவனோ தாயின் ஆசியைப் பெற்று, வழியிற் கண்ட சிற்றுயிர்களிடம் பணிவோடு பேசி, சாத்தானை வெல்கிறான். நடுவிலானின் தோல்வி எம்போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு பாடமென்றே கொள்கிறேன்.

1992 இல் நோபல் பரிசு பெற்றபோது வோல்கொட் தம் உரையைத் திரினிடாட்டின் பெலிசிற்றி என்னும் கிராமத்திலே ஆடப்பட்ட இராமலீலையுடன் தொடங்கினார். 1845 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட கூலிகளின் வழிவந்தோர் அதனை ஆடினர். அதை நாடகமென்று காணச் சென்ற தாம், ஆடுவோர்க்கு அது நம்பிக்கையே என்பதை உணர்ந்ததாக அவர் சொன்னார். தமிழருக்கும் இதிலே பங்குண்டு. 1854 முதல் குவாதலூப் தீவுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளரிலே தமிழர் பலர். அங்கே அவர்கள் ஆடிய கூத்துக்கு 'நாத்ரோன்' என்று பெயர். நாடகம் என்ற நம் சொல்லே அவ்வாறு திரிந்து நின்றது.

ஆபிரிக்கரின் சிலந்தியும் அயோத்தி அரசனும் ஒரே கடற்பரப்பின் தீவுகளிலே உயிர் வாழ்கின்றனர். இருவரையும் காத்தது எது? நூல்கள் அவர்களைப் பதிவு செய்தன, அறிஞர் ஆராய்ந்தனர். ஆயினும் ஆண்டுதோறும் மேடையிலோ திறந்த வெளியிலோ அக்கதைகளை ஆடியவர்களும், பிள்ளைகளைக் கையிற் பிடித்து அழைத்து வந்து காட்டிய குடும்பங்களுமே அவற்றை உயிருடன் வைத்திருந்தனர். தாய் மடியிலே பெற்ற கதையைச் சபையிலே சொல்ல வெட்கப்படாத மக்கள், வேறெதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.