துணையுள்ள மரங்கள்

வண்டலூர், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத். தொழிற்சாலைப் பேருந்துகள் விரையும் எங்கள் சாலையை இந்த நான்கு புள்ளிகளாகவும் மூன்று கோடுகளாகவும் சுருக்கினால், கணிதத்தார் 'கோட்டுரு' என்றழைப்பது கிடைக்கிறது. அடுத்தடுத்துள்ள ஊர்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று கட்டங்களில் நிரப்பினால் அது அண்மை அணி. இதற்கு நேர்மாறு அணி உண்டா? தமிழ் இலக்கியம் பயின்ற எனக்கு இக்கேள்வியின் வரலாறு ஒரு கதைபோலவே படுகிறது.

அதன் ஒரு வேர் வேதியியலில் இருக்கிறது. 1931இல் ஜெர்மானியரான எரிக் ஹூக்கல், கரி அணுக்களின் பிணைப்பை இத்தகைய அணியாக எழுதி, அதன் ஐகன் மதிப்புகளிலிருந்து எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கணித்தார். நான்கு கரி அணுக்கள் தொடராக அமைந்த பியூட்டாடையீன், எங்கள் சாலையின் அதே உருவம்தான். மிகச்சிறிய நேர்ம ஐகன் மதிப்பை நேரே பிடிப்பது கடினம். நேர்மாறு அணியிலோ அதன் தலைகீழே மிகப்பெரியதாய் நிற்கும்.

ஆனால் எல்லா உருவங்களுக்கும் நேர்மாறு வாய்ப்பதில்லை. வாலாஜாபாத்தை விலக்கிப் பாருங்கள். வண்டலூருக்கும் ஒரகடத்துக்கும் படப்பை ஒன்றே அண்டை. இருவருக்கும் ஒரே சுற்றம் என்பதால் கணக்கு அவர்களைப் பிரித்தறியாது; நேர்மாறு இல்லை. சுழற்சியற்ற கோட்டுருவாகிய 'மரத்தில்' எல்லாப் புள்ளிகளும் அண்டைகளோடு இணை இணையாகப் பிரிய வேண்டும். ஒன்றுகூடத் தனித்து எஞ்சலாகாது. இதுவே விதி.

1985இல் கிறிஸ் காட்சில், அவ்வாறு இணைந்த மரங்களின் நேர்மாறு அணியில் தோன்றும் கழித்தல் குறிகளை முறையாக நீக்கி, அதையும் ஒரு கோட்டுருவாகவே காணலாம் என்று காட்டினார். எங்கள் சாலைக்கு அதைச் செய்தால் படப்பை–ஒரகடம் தொடர்பு அறுகிறது. தொலைவிலிருந்த வண்டலூரும் வாலாஜாபாத்தும் அண்டைகளாகின்றன. ஆயினும் உருவம் மீண்டும் நான்கு புள்ளிச் சாலையே! அதன் நேர்ம ஐகன் மதிப்புகள் ஏறத்தாழ 1.618, 0.618, ஒன்று மற்றதன் தலைகீழ்.

எந்த மரங்களுக்கெல்லாம் இப்பண்பு உண்டு? 2006இல் சஸ்மிதா பாரிக், மைக்கேல் நியூமன், குவாஹாட்டி ஐ.ஐ.டி.யின் சுகந்த பதி ஆகியோர் விடை தந்தனர்: ஒரு மரத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு புதிய இலையைச் சேர்த்தால் உருவாகும் மரங்களில் மட்டுமே, ஒவ்வொரு ஐகன் மதிப்புக்கும் அதன் தலைகீழ் அதே எண்ணிக்கையில் அமைகிறது.

நேர்மாறு என்றால் அழிவு என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு புதிய இலை துணையாக வாய்த்த மரம், தலைகீழாகத் திருப்பினாலும் தன் உருவம் கெடுவதில்லை என்கிறது இக்கணக்கு.