பைண்டா, லுக்கப்பா? மின்னஞ்சல் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இரு வழிகள்

புதுப் பணியாளருக்கு டைரக்டரியில் கணக்குத் திறந்தாயிற்று, கடவுச்சொல்லும் வைத்தாயிற்று. மெயில் மட்டும் திறக்க மறுக்கிறது. இந்தப் புகார் வந்தால் நிர்வாகிகள் பலரும் முதலில் கடவுச்சொல்லைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை மாற்றுவார்கள். அதற்கு முன்பே கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கடவுச்சொல் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வது எந்த சர்வர், டைரக்டரியா மெயிலா? இதற்கு விடை தெரியாதவரை பழுதைத் தேடுவது இருட்டில் துழாவுவதுதான்.

எடுத்துக்காட்டாக, லினக்ஸில் பரவலாக ஓடும் ஓர் இணையை எடுத்துக்கொள்வோம். பயனர் விவரங்களை வைத்திருப்பது ஓப்பன்எல்டாப். டைரக்டரியோடு பேசும் நெறிமுறையான எல்டாப்புக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் எழுதிய நிரலிலிருந்து 1998இல் பிரிந்து வளர்ந்தது. அஞ்சல் பெட்டிகளைக் காப்பது டவ்காட். பின்லாந்தின் டிமோ சிரைனன் 2002இல் வெளியிட்டது. இந்த இரண்டையும் இணைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

பைண்ட் வழியில், பயனர் தட்டிய கடவுச்சொல்லை டவ்காட் அப்படியே டைரக்டரியிடம் கொடுத்து, அந்தப் பயனராகவே உள்ளே நுழைய முயல்கிறது. நுழைய முடிந்தால் சரி, இல்லையேல் தவறு. லுக்கப் வழியில், டவ்காட் தனக்கென்று வைத்திருக்கும் சேவைக் கணக்கால் டைரக்டரிக்குள் போய், பயனரின் 'யூசர்பாஸ்வேர்ட்' பண்பில் உள்ள ஹாஷை வாங்கிவந்து, தானே ஒப்பிட்டுப் பார்க்கிறது. முன்னது சாவியைப் பூட்டிலேயே போட்டுப் பார்ப்பது. பின்னது பூட்டைக் கழற்றித் தன் பட்டறைக்குக் கொண்டுவந்து பார்ப்பது.

இந்த வேறுபாடு முதலில் முகம் காட்டுவது அனுமதி விதிகளில். பைண்ட் நடக்கும் கணத்தில் வந்திருப்பவர் இன்னார் என்று டைரக்டரிக்குத் தெரியாது. அவர் இன்னும் அநாமதேயர். ஆகவே அநாமதேயருக்குக் கடவுச்சொல் பண்பின்மீது 'ஆத்' என்ற அனுமதி இருக்கவேண்டும். அந்த அனுமதியால் மதிப்பைப் படிக்க முடியாது, சரிபார்க்க மட்டுமே முடியும். அது விடுபட்டால் எல்லோருக்கும் 49 என்ற பிழை எண்தான் வரும்: தவறான அடையாளச் சான்று. கடவுச்சொல் சரியாக இருந்தும் தவறென்று வரும்.

லுக்கப்பில் நிலைமை இன்னும் குழப்பமானது. சேவைக் கணக்குக்கு அந்தப் பண்பைப் படிக்கும் அனுமதி இல்லையென்றாலும் தேடல் வெற்றி என்றே பதில் வரும். பதிவு கிடைக்கும், பெயர், முகவரி எல்லாம் இருக்கும், கடவுச்சொல் மட்டும் ஓசையில்லாமல் விடுபட்டிருக்கும். பிழை எண் எதுவும் இல்லை. கடவுச்சொல்லே திரும்பி வரவில்லை என்று டவ்காட்டின் லாகில் ஒரு வரி கிடக்கும், அவ்வளவுதான். அந்த வரியைக் காணாதவர் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

அடுத்தது ஹாஷ் வடிவம். நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஓப்பன்எல்டாப் 2.5 முதல் ஆர்கான்2 ஹாஷுக்கான மாட்யூல் அதனுடனேயே வருகிறது. அதை ஏற்றிக் கடவுச்சொல் வைத்தால், மதிப்பின் முன்னால் அடைப்புக்குறிக்குள் 'ஆர்கான்2' என்ற முன்னொட்டு உட்காரும். டவ்காட்டுக்குத் தெரிந்த பெயர்களோ 'ஆர்கான்2ஐ', 'ஆர்கான்2ஐடி' என்பவை. உள்ளே இருப்பது ஒரே கணக்கீடு, மேலே ஒட்டிய பெயர் வேறு. லுக்கப் வழியில் இது தெரியாத வடிவம் என்று தள்ளப்படும். பைண்ட் வழியில் இந்தச் சிக்கலே எழாது. ஹாஷ் எந்த வடிவில் இருக்கிறது என்பது அந்த ஹாஷை வைத்த டைரக்டரியின் கவலை. மெயில் சர்வர் அதை அறியவே வேண்டாம்.

இரண்டு வழிக்கும் பொதுவான பழுதுகளும் உண்டு. எல்டாப்சர்ச் கட்டளை கடவுச்சொல் பண்பை இரட்டைப் புள்ளியோடும் புரியாத எழுத்துகளோடும் காட்டுவதைப் பார்த்து, அது குறியாக்கப்பட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் பேஸ்64. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நல்ல ஹாஷும் இருக்கலாம், பச்சையான கடவுச்சொல்லும் இருக்கலாம். எல்டாப்மாடிஃபை வழியாக நேரடியாக எழுதிய மதிப்பை ஓப்பன்எல்டாப் இயல்பாக ஹாஷ் செய்யாது, அப்படியே வைத்துக்கொள்ளும். ஹாஷ் செய்து வைக்கவேண்டுமானால் எல்டாப்பாஸ்வேர்ட் கட்டளையைப் பயன்படுத்தவேண்டும். 2001இல் வந்த ஆர்எஃப்சி 3062 வகுத்த கடவுச்சொல் மாற்றும் முறை அது. அந்தக் கட்டளைக்கே ஏற்கெனவே ஹாஷ் செய்த சரத்தைக் கொடுத்துவிட்டால் ஹாஷுக்கு ஹாஷ் உருவாகும். அப்புறம் அசல் கடவுச்சொல்லால் நுழைய முடியாது. இன்னொன்று, எக்கோ கட்டளையால் பேஸ்64 செய்யும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் புதுவரிக் குறி. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் எழுத்தும் கடவுச்சொல்லின் பகுதியாகிவிடும். கடவுச்சொல்லைக் கோப்பிலிருந்து படிக்கச் சொன்னாலும் எல்டாப் கருவிகள் கோப்பின் முழு உள்ளடக்கத்தையும், புதுவரி உட்பட, எடுத்துக்கொள்ளும்.

பயனர் பெயரிலும் தடுக்கி விழலாம். டைரக்டரியில் 'யூஐடி' வெறும் பெயராக இருக்க, பயனர் முழு மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால் தேடலில் எதுவும் சிக்காது. இது கடவுச்சொல் பழுதே அல்ல.

சோதிக்கும் முறையிலும் பைண்டின் எளிமை தெரிகிறது. எல்டாப்ஹூஆம்ஐ கட்டளையில் டைரக்டரியில் பயனரைக் குறிக்கும் முழுப் பெயரான டிஎன்னையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், டவ்காட் கேட்கும் அதே கேள்வியை நாமே டைரக்டரியிடம் கேட்டுவிடலாம். அங்கே வெற்றி, மெயிலில் தோல்வி என்றால் பழுது மெயில் சர்வரின் அமைப்பில். அங்கேயே 49 வந்தால் பழுது டைரக்டரியில். லுக்கப்பில் இந்தச் சோதனை பாதிதான் உதவும். இது வெற்றி பெற்றாலும் டவ்காட்டின் ஒப்பீடு தோற்கலாம். சேவைக் கணக்கால் தேடிப் பார்த்து, ஹாஷ் வருகிறதா என்று கண்டு, பிறகு டவ்அட்மின் ஆத் டெஸ்ட் கட்டளையால் உறுதி செய்யவேண்டும்.

லுக்கப்பின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே இணைப்பில் பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்த கேள்விகளை அனுப்பலாம் என்பதால் அது வேகமானது. பைண்டில் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. கிராம்-எம்டி5 போல, கடவுச்சொல்லை வெளிப்படையாக அனுப்பாத நுழைவு முறைகள் லுக்கப்பில் மட்டுமே இயலும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும் பெரிய சேவைக்கு அந்த வேகம் பொருட்படுத்தத் தக்கது. டிஎல்எஸ் எங்கும் வந்துவிட்ட பிறகு இரண்டாவது காரணத்துக்குப் பெரிய வலு இல்லை.

ஆனால் லுக்கப் கேட்கும் விலை பெரிது. மெயில் சர்வரில் ஓர் ஓட்டை விழுந்தால், அதன் சேவைக் கணக்கு வழியாக நிறுவனத்தின் அத்தனை பேருடைய ஹாஷும் வெளியேறும். இன்னொரு ஆபத்து எளிதில் கண்ணில் படுவதில்லை. பலமுறை தவறாகத் தட்டினால் கணக்கைப் பூட்டுவது, காலாவதியான கடவுச்சொல்லை மறுப்பது போன்ற விதிகளை ஓப்பன்எல்டாப்பின் பிபாலிசி அமல்படுத்துவது பைண்ட் நேரத்தில்தான். லுக்கப் அந்த வாசலைத் தொடுவதே இல்லை. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை டைரக்டரியில் பூட்டிவிட்டோம் என்று நிர்வாகி நிம்மதியாக இருப்பார்; போனவருடைய அஞ்சல் பெட்டி பழைய கடவுச்சொல்லுக்குத் திறந்துகொண்டே இருக்கும்.

மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி இந்த விவாதத்துக்கே இடம் தருவதில்லை. அதன் கடவுச்சொல் பண்பை எழுதலாம், எல்டாப் வழியே படிக்க முடியாது. அங்கே பைண்ட் ஒன்றே வழி. அதன் 49ஆம் பிழை கூடவே ஒரு துணைக் குறியையும் தருகிறது: 775 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, 532 என்றால் கடவுச்சொல் காலாவதி, 773 என்றால் முதல் நுழைவிலேயே மாற்றியாகவேண்டும். புதுக் கணக்கு திறந்த அன்று மெயில் திறக்காததற்கு இந்த 773 அடிக்கடி காரணமாகும்.

கல்லூரி, மருத்துவமனை, நடுத்தர அலுவலகம் ஆகிய இடங்களுக்கு என் தீர்ப்பு பைண்ட்தான், அதுவும் டிஎல்எஸ் இணைப்பின் மேல் மட்டுமே. ஏனென்றால் பைண்டில் கடவுச்சொல் வெளிப்படையாகவே பயணம் செய்கிறது. ஏற்கெனவே லுக்கப்பில் ஓடும் சர்வரைப் பொறுப்பேற்றிருப்பவர்கள் இன்றே ஒரு சோதனைக் கணக்கை டைரக்டரியில் பூட்டிவிட்டு, அதே கணக்கால் மெயிலுக்குள் நுழைந்து பாருங்கள். உள்ளே விட்டால், மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.