லினக்ஸ் மேசைக்கணினியில் உலாவி முடக்கமும் அதன் சீரமைப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட மேசைக்கணினிகளில் இணைய உலாவி திடீரென மூடிக்கொள்வது, உறைந்து நிற்பது, மூடிய பின் மீண்டும் திறக்க மறுப்பது ஆகியவை 1990களின் நடுப்பகுதியிலிருந்தே பயனர்கள் எதிர்கொண்டு வரும் சிக்கல்கள் ஆகும். இவற்றைச் சரிசெய்யும் முறைகள் ஒரே நாளில் உருவானவை அல்ல. நெட்ஸ்கேப், மொசில்லா, பயர்பாக்ஸ், குரோம் என ஒவ்வோர் உலாவியின் காலத்திலும் ஒவ்வொரு வகைக் கோளாறு தோன்றியது. அதிலிருந்து ஒவ்வொரு பாடம் கிடைத்தது. இன்று பின்பற்றப்படும் சீரமைப்புப் படிகள் அப்பாடங்களின் தொகுப்பே. அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கம்

லினக்ஸும் உலகளாவிய வலையும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கருநிரலை வெளியிட்டார். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையும் அதே ஆண்டில்தான் வெளியுலகுக்கு அறிமுகமானது. 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா ஆகியோர் உருவாக்கிய மொசைக் உலாவி, முதலில் யுனிக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர அமைப்புக்காகவே எழுதப்பட்டது. ஆண்ட்ரீசன் பங்குகொண்டு தொடங்கிய நெட்ஸ்கேப் நிறுவனம் 1994 டிசம்பரில் நேவிகேட்டர் உலாவியின் முதல் பதிப்பை வெளியிட்டது. லினக்ஸுக்கும் இவ்வுலாவி கிடைத்ததால், வீட்டுக் கணினியில் லினக்ஸ் வைத்திருந்தோர் பலருக்கு அதுவே முதன்மை உலாவியாயிற்று.

நெட்ஸ்கேப் காலம்: திறக்க முடியாத பூட்டு

1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் கம்யூனிக்கேட்டர் உலாவி மட்டுமன்று. மின்னஞ்சல், செய்திக்குழு வாசிப்பு, வலைப்பக்கம் எழுதும் கருவி ஆகிய அனைத்தும் அந்த ஒரே நிரலில் அடங்கியிருந்தன. இதனால் ஒரு வலைப்பக்கத்தின் சிறு நிரல் தடுமாறினால், பாதி எழுதிய கடிதமும் சேர்ந்து மறைந்தது. லினக்ஸ் பதிப்பு 'பஸ் எரர்' என்ற ஒற்றை வரியை முனையத்தில் விட்டுவிட்டு மூடிக்கொள்வதற்குப் பெயர் பெற்றிருந்தது.

மூடிய பிறகும் தொல்லை தீரவில்லை. பயனரின் இல்லக் கோப்புறையில், நெட்ஸ்கேப்பின் மறைவான கோப்புறைக்குள், 'லாக்' என்ற பெயரில் ஒரு பூட்டுக் கோப்பு இருந்தது. உலாவி ஓடும்போது அதன் செயல்முறை எண்ணை அது சுட்டி நிற்கும். ஒரே தரவை இரண்டு உலாவிகள் ஒரே நேரத்தில் எழுதிக் கெடுத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். உலாவி முறையாக மூடப்பட்டால் பூட்டும் நீங்கும். இடையில் செத்துவிட்டால் பூட்டு அப்படியே நிற்கும். மீண்டும் திறக்கும்போது, வேறோர் உலாவி ஏற்கெனவே இயங்குவதாக எச்சரிக்கை வரும். எஞ்சிய செயல்முறை ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அந்தப் பூட்டுக் கோப்பை நீக்குவதே லினக்ஸ் பயனர்கள் கற்ற முதல் உலாவிப் பழுதுநீக்கம் எனலாம். ஜாவாவை அணைத்து வைப்பது மற்றொரு வழக்கம்.

இவையெல்லாம் தற்காலிக ஏற்பாடுகள்தாம். நெட்ஸ்கேப்பின் மூலநிரல் வெளியாருக்குக் கிடைக்காததால், கோளாறின் வேரை எவராலும் தொட முடியவில்லை. கருநிரலையே திருத்தக்கூடிய திறமை பெற்றவர்கள், அதன்மேல் ஓடும் உலாவியின் முன் கையைக் கட்டி நிற்க வேண்டியிருந்தது.

மூலநிரல் திறக்கப்படுதல்

1998 ஜனவரி 22 அன்று நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. மார்ச் 31 அன்று அது பொதுவெளிக்கு வந்தது. மொசில்லா திட்டம் பிறந்தது. பழைய நிரலைச் செப்பனிடுவதை அவ்வாண்டின் இறுதிக்குள் கைவிட்டு, கெக்கோ என்ற புதிய பக்க வரைவுப் பொறியின் மீது உலாவியை மீண்டும் கட்ட முடிவாயிற்று. அதற்குக் காலம் பிடித்தது. மொசில்லா 1.0 வெளிவந்தது 2002 ஜூன் 5 அன்று.

இந்த நான்கு ஆண்டுகள் வீணாகவில்லை. மொசில்லாவுக்காக உருவான 'பக்சில்லா' என்ற வழுப் பதிவேடு, எவரும் ஒரு கோளாறைப் பதிவு செய்து அதன் போக்கைப் பின்தொடரும் வசதியைத் தந்தது. எந்தப் படிகளைச் செய்தால் உலாவி முடங்குகிறது என்று ஒழுங்காக எழுதும் பழக்கம் பயனர்களிடையே பரவியது. 'வேலை செய்யவில்லை' என்ற முறையீடு, 'இதைச் செய்தால் இது நடக்கிறது' என்ற சான்றாக மாறியது.

பயர்பாக்ஸும் பயனர் சுயவிவரமும்

மொசில்லாவின் கனத்தைக் குறைக்கும் முயற்சியாக 2002 செப்டம்பரில் பீனிக்ஸ் என்ற சிறிய உலாவி வந்தது. ஃபயர்பேர்ட் எனப் பெயர் மாறி, இறுதியில் பயர்பாக்ஸ் ஆகி, 2004 நவம்பர் 9 அன்று அதன் 1.0 பதிப்பு வெளியானது.

பயர்பாக்ஸ் நிரலும் பயனரின் தரவும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. நூற்குறிகள், கடவுச்சொற்கள், நீட்சிகள், அமைப்புகள் ஆகியவை 'சுயவிவரம்' எனப்படும் கோப்புறையில் இருக்கும். கோளாறு பெரும்பாலும் இந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கும். எனவே உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும், பழைய சுயவிவரம் அப்படியே இருப்பதால் அதே கோளாறு திரும்பி வரும். பல பயனர்களைக் குழப்பிய உண்மை இது. மறுபுறம், விவரம் தெரியாமல் அக்கோப்புறையையே அழித்தவர்கள், ஆண்டுக்கணக்கில் சேர்த்த நூற்குறிகளை ஒரு நொடியில் இழந்தார்கள்.

இந்த இழப்பைத் தவிர்க்கவே இடைநிலை வழிகள் உருவாயின. நீட்சிகளை அணைத்துவிட்டு உலாவியைத் திறக்கும் 'பாதுகாப்பு முறை', பழையதைத் தொடாமல் புதிய சுயவிவரம் ஒன்றை உருவாக்கிச் சோதிக்கும் வசதி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. 2006 அக்டோபரில் வந்த பயர்பாக்ஸ் 2, முடங்குவதற்கு முன் திறந்திருந்த பக்கங்களை மீட்டுத் தந்தது. 2012இல் வந்த பதிப்பு 13, நூற்குறிகளையும் கடவுச்சொற்களையும் காத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் புதுப்பிக்கும் பொத்தானைச் சேர்த்தது.

2008: குற்றவாளி வேறிடத்தில்

பயர்பாக்ஸ் 3 வெளிவந்த 2008இல் லினக்ஸ் பயனர்கள் விந்தையான கோளாறு ஒன்றைக் கண்டார்கள். பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுக்கும்போது உலாவியில் ஓர் இணைப்பைச் சொடுக்கினால், உலாவி பல நொடிகள் உறைந்து நின்றது.

அந்தப் பதிப்பு, பார்த்த பக்கங்களின் வரலாற்றை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேமித்தது. தரவு பத்திரமாக வட்டில் இறங்கியதை உறுதி செய்யும்படி தரவுத்தளம் இயங்குதளத்தைக் கேட்கும். அக்காலத்தில் பரவலாக இருந்த எக்ஸ்ட்3 கோப்பு முறைமையின் இயல்பான அமைப்பில், ஒரு சிறு கோப்புக்காக விடுத்த இந்தக் கோரிக்கை, காத்திருந்த பிற தரவு முழுவதையும் எழுதி முடித்த பின்பே நிறைவேறியது. ஒரு கடிதத்தை அஞ்சலில் சேர்க்கப் போனவர், முன்னே நிற்கும் மூட்டைகள் எல்லாம் இறங்கும்வரை காத்து நின்றதற்கு ஒப்பானது இது. உலாவி வட்டுக்கு எழுதும் முறை மாற்றப்பட்டது. கோப்பு முறைமைகளும் மேம்பட்டன. உலாவியின் கோளாறு உலாவிக்கு வெளியிலும் இருக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

ஃபிளாஷ் செருகுநிரல்

உலாவி திறந்த மூலமாக மாறிய பின்னரும் ஒரு மூடிய பகுதி எஞ்சியிருந்தது. நிகழ்படங்களுக்குத் தேவையான அடோபி ஃபிளாஷ் செருகுநிரல்தான் அது. அது உலாவியின் செயல்முறைக்குள்ளேயே ஓடியதால், அது விழுந்தால் உலாவியும் விழுந்தது. 64 பிட் லினக்ஸ் வைத்திருந்தோர், 32 பிட் செருகுநிரலை இடைநிரல் ஒன்றின் துணையோடு ஓட்ட வேண்டியிருந்தது.

2010இல் வந்த ஃபெடோரா 14இல் இச்சிக்கல் வேறோர் உருவம் எடுத்தது. நினைவகத்தில் தரவைப் படியெடுக்கும் அடிப்படைச் செயல்கூறு, வேகத்திற்காகக் குளிப்சி நூலகத்தில் மாற்றி எழுதப்பட்டிருந்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஃபிளாஷ் அவ்விதியை மீறியிருந்ததால் ஒலி சிதைந்தது. தவறு ஃபிளாஷுடையது என்று ஒரு தரப்பு வாதிட்டது. நேற்றுவரை இயங்கியது இன்று இயங்கவில்லை என்பது மட்டுமே பயனருக்குத் தெரியும். அவரிடம் விதியைக் காட்டுவதால் பயனில்லை என்பது டோர்வால்ட்ஸின் நிலைப்பாடு. பின்னர் வந்த நூலகப் பதிப்பு, பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையையே வழங்கியது.

அதே ஆண்டு ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3.6.4, விண்டோஸிலும் லினக்ஸிலும் செருகுநிரலைத் தனிச் செயல்முறையாகப் பிரித்தது. அதன் பின் ஃபிளாஷ் விழுந்தால் பக்கத்தில் ஒரு சாம்பல் கட்டம் மட்டுமே தெரிந்தது, உலாவி நின்றது. 2020 இறுதியில் ஃபிளாஷுக்கான ஆதரவே முடிவுக்கு வந்தது.

தமிழ் எழுத்தும் வேகமும்

தமிழ் வாசகர்களுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. கொம்பு எழுத்துகளைச் சரியான இடத்தில் காட்ட, லினக்ஸ் பயர்பாக்ஸுக்குப் பாங்கோ என்ற எழுத்துருவாக்க நூலகம் தேவைப்பட்டது. உலாவி மந்தமாக இருக்கிறது என்போருக்குப் பாங்கோவை அணைக்கும்படி அக்காலத்தில் அறிவுரை கூறப்பட்டது. ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு அது நல்ல அறிவுரை. தமிழ் படிப்பவருக்கோ, 'கொ' என்ற எழுத்து உடைந்து சிதறும் வழி. ஒருவருக்கான மருந்து எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இது சான்று.

பிரித்து ஆளும் கட்டமைப்பு

2008இல் விண்டோஸுக்கு வந்த குரோம், 2010 மே மாதம் லினக்ஸிலும் நிலைத்த பதிப்பாகக் கிடைத்தது. பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளில் ஓட்டுவது அதன் அடிப்படை. ஒரு பக்கம் விழுந்தாலும் மற்றவை பிழைத்தன. பயர்பாக்ஸ் 2016இல் பதிப்பு 48 முதல் படிப்படியாக இவ்வழிக்கு மாறியது. 2017 நவம்பரில் வந்த பதிப்பு 57, உலாவியின் உட்பகுதி முழுவதையும் தொடும் பழைய வகை நீட்சிகளை நிறுத்தியது. நினைவகத் தவறுகளைத் தொகுக்கும்போதே பெரிதும் தடுக்கும் ரஸ்ட் மொழி, மொசில்லாவின் ஆதரவில் வளர்ந்து உலாவிக்குள் இடம்பெற்றது.

முடக்கமே இல்லாத உலாவியை எழுதுவது இயலாது என்று ஏற்றுக்கொண்டு, முடக்கத்தின் சேதத்தைச் சுருக்குவதே இக்கட்டமைப்பின் உட்கருத்து. இதற்கும் விலை உண்டு. செயல்முறைகள் பெருகினால் நினைவகத் தேவை கூடும். நினைவகம் தீரும்போது லினக்ஸ் கருநிரல் ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று இடம் தேடும். பெரும்பாலும் அது உலாவியாகவே இருக்கும். 2022இல் வந்த உபுண்டு 22.04இல் இதற்கெனச் சேர்க்கப்பட்ட கண்காணிப்பு நிரல், எச்சரிக்கை இன்றி உலாவியை மூடியதாக முறையீடுகள் எழுந்தன.

இன்றைய சீரமைப்பு வரிசை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து, தரவுக்குச் சேதம் குறைந்ததை முதலில் செய்வது என்ற வரிசை உருவாகியுள்ளது.

1. பயனரின் சுயவிவரக் கோப்புறையை, உலாவி மூடியிருக்கும்போது, வேறிடத்தில் படியெடுத்து வைத்தல்.

2. உலாவி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இற்றைப்படுத்தல் நிறுவப்பட்டதா எனப் பார்த்தல். கோப்புகள் மாறியிருந்தால் புதிய கீற்றுகள் திறக்காமல் போகலாம். மூடித் திறந்தாலே போதும்.

3. 'ஏற்கெனவே இயங்குகிறது' என்ற செய்தி வந்தால், எஞ்சிய செயல்முறையை நிறுத்துதல். அதன் பின்னும் வந்தால் மட்டும் பூட்டுக் கோப்பை நீக்குதல்.

4. முனையத்திலிருந்து உலாவியைத் திறந்து, அது விட்டுச்செல்லும் செய்தியைப் படித்தல். நினைவகம் தீர்ந்ததால் கொல்லப்பட்டதா என்பதை அமைப்புப் பதிவேட்டில் பார்த்தல்.

5. பாதுகாப்பு முறையில் திறத்தல். பயர்பாக்ஸில் இன்று இது பழுதாய்வு முறை எனப்படுகிறது. கோளாறு மறைந்தால் நீட்சி, தோற்றக்கரு, வரைகலை முடுக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல்.

6. புதிய சுயவிவரத்தில் திறத்தல். அங்குச் சரியாக இயங்கினால் பழைய சுயவிவரமே காரணம். நூற்குறிகளை மட்டும் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

7. புதியதிலும் கோளாறு தொடர்ந்தால் வரைகலை இயக்கி, நூலகங்கள், நினைவகச் சில்லு என வெளியே தேடுதல். பழுதான நினைவகம், அதை மிகுதியாகப் பயன்படுத்தும் உலாவியில்தான் பெரும்பாலும் முதலில் வெளிப்படும். இதை மெம்டெஸ்ட்86 போன்ற கருவியால் அறியலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது இவ்வரிசையின் உயிர்நாடி. இரண்டை ஒருசேர மாற்றினால் கோளாறு நீங்கினாலும் காரணம் தெரியாது. காரணம் தெரியாத கோளாறு மீண்டும் வந்தால் முதலிலிருந்தே தேட வேண்டியிருக்கும்.

முக்கியத்துவம்

1997இல் பூட்டுக் கோப்பை நீக்கியவரும் இன்று பழுதாய்வு முறையில் உலாவியைத் திறப்பவரும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலைதான். ஆனால் முன்னவர் கண்டறிந்ததை ஏற்றுத் திருத்த, மூடிய நிறுவனத்திற்கு வெளியே எவருமில்லை. பின்னவர் கண்டறிந்ததை ஒழுங்காக எழுதிப் பதிந்தால், உலகின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவர் மூலநிரலைத் திறந்து வேரையே சரிசெய்ய முடியும். அத்திருத்தம் அடுத்த பதிப்பில் எல்லோரையும் சென்றடையும். தனி ஒருவரின் கணினிப் பழுது பொது அறிவாக மாறும் இந்த வழி திறந்ததே, இவ்வரலாற்றில் பயனர் பெற்ற பெரும்பயன் ஆகும்.